பூத்த புண்

ஃபெங்யிங் சேவலைத் துரத்திக்கொண்டு ஓடியதை அன்று கல்பாலத்துத் தெருவே கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அறுபதை நெருங்கும் பெண், கன்னங்கரேலென்று சாயம் போட்ட தலை, வலது கையில் கவிழ்த்துப் பிடித்த மூங்கில் கூடை. சேவல் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி பக்கத்து வீட்டு சுஜெனின் கொல்லைக்குள் புகுந்தது.

"அண்ணி, அது எங்க வீட்டுக் கோழிங்ககிட்ட அடைக்கலம் கேட்டு வந்திருக்கு. விட்டுக்கொடுக்க மாட்டோம்," என்றாள் சுஜென். மடியில் மாசிபத்திரிக் கட்டு கிடந்தது. இலையை உருவிய கை நிற்கவில்லை.

"சிரிக்கிற நேரத்துல அந்தப் படல இழுத்துச் சாத்துடி."

"என்ன விசேஷம்? மக வர்றாளா?"

"பூத்துடுச்சு," என்றாள் ஃபெங்யிங்.

சுஜெனின் கை நின்றது. "நெசமா?"

"மூணு எடத்துலயும். காலையில பிளாஸ்திரியப் பிரிச்சுப் பாக்குறேன், மஞ்சளா, கெட்டியா, தளும்பி நிக்குது."

சுஜென் மடியை உதறிவிட்டு எழுந்து படலைச் சாத்தினாள். சேவலை அவளே பிடித்துக் கொடுத்தாள். அப்புறம் தெருவுக்கு வந்து, "மான்ஷெங் அண்ணனுக்குப் பூத்துடுச்சாம்," என்று யாருக்கென்றில்லாமல் உரக்கச் சொன்னாள்.

சீச்சுன் மலையடிவாரத்தில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலையடிவாரம் முழுக்க மாசிபத்திரிதான் பயிர், அதுதான் கூலி, அதுதான் மருந்து. பிறந்த குழந்தையைப் பத்திரி வேகவைத்த தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். வயிற்றுவலியா, தொப்புளில் உப்பு நிரப்பி, காய்ந்த பத்திரி இலையை இடித்துச் சலித்த பஞ்சை அதன்மேல் வைத்துக் கொளுத்துவார்கள். லேசான நோய்க்குப் பஞ்சைக் காகிதத்தில் சுருட்டி, நுனியைப் பற்றவைத்து, தோலில் படாமல் காட்டுவார்கள். அது சூடு காட்டுவது. பிடிவாதமான நோய்க்குப் பஞ்சைக் குமிழாக உருட்டித் தோல்மேலேயே வைத்து எரியவிடுவார்கள். அது சூடு வைப்பது. வைத்த இடம் கொப்பளித்து, உடைந்து, சீழ் கட்ட வேண்டும். அதைத்தான் பூப்பது என்பார்கள். பூத்தால் உள்ளே உறைந்திருந்த குளிர் வெளியே வருகிறது என்று பொருள். பூக்கவில்லை என்றால் வைத்த கை சரியில்லை.

ஃபெங்யிங்கின் கை சரியான கை என்று ஊரில் பேர். வயிற்றில் குறுக்கே கிடந்த பிள்ளையை, தாயின் கால் சுண்டுவிரலில் சூடு காட்டியே திருப்பியவள் என்று சொல்வார்கள். அந்தத் தாய், ஃபெங்யிங் வேலை பார்க்கும் பத்திரிப் பட்டறையின் முதலாளி தியனின் மனைவி. அதனால் தியனின் பட்டறையில் ஃபெங்யிங்கை யாரும் கடிந்து பேச மாட்டார்கள்.

அப்படிப்பட்டவளின் சொந்தப் புருஷன் கால்தான் மரத்துப்போனது.

புத்தாண்டு கழிந்து பனி விலகாத ஒரு காலையில் மான்ஷெங் முற்றத்தைக் கடந்து அடுக்களைக்கு வந்தான். அவன் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்புச் சிவப்பாக வட்டங்கள். பார்த்தால் செருப்பைத் துளைத்துக்கொண்டு உடைந்த அரிவாள் முனை உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவன் பாட்டுக்கு, "கஞ்சியில சர்க்கரை கம்மியா இருக்கு," என்று சொல்லிக்கொண்டு கிண்ணத்தோடு நின்றான்.

"கெழவா, கீழ பாரு."

பார்த்தான். "யாரோடது?" என்றான்.

அதை ஊரில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். ஃபெங்யிங்கும் சிரித்தாள். சிரித்துவிட்டு அன்றைக்கே அவனை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றி அனுப்பினாள். பட்டறையில் சரக்கு ஏற்றும் நாள், அவளால் கூடப் போக முடியவில்லை. சாயங்காலம் திரும்பியவன் ஒரு பை மாத்திரையைக் காட்டினான்.

"ரத்தத்துல சர்க்கரையாம்."

"அப்புறம்?"

"மாத்திரை தின்னச் சொன்னாங்க."

"காலுக்கு?"

"காலுக்கு ஒண்ணும் பெருசாச் சொல்லல," என்றவன், கைகழுவப் போய்விட்டான்.

அரிவாள் முனை குத்திய காயம் ஆறிவிட்டது. மரமரப்பு போகவில்லை. கணுக்காலுக்குக் கீழே யாரோ பஞ்சு மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்றான். நாற்று நடவுக்கு நாற்பது வருஷம் பனித் தண்ணீரில் நின்ற கால். குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று ஃபெங்யிங் முடிவு கட்டினாள். அதற்கு ஒரே பதில்தான் அவளுக்குத் தெரியும்.

தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அவன் காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். மூன்று வருஷம் பழையதான பஞ்சுச் சுருட்டைப் பற்றவைப்பாள். புகை கூரைச் சட்டங்களுக்கு இடையே போய் நிற்கும். அவர்கள் வீட்டில் போர்வையிலிருந்து ஊறுகாய்ச் சாடி வரைக்கும் அந்த வாசனைதான்.

"சுடுதா?"

"இல்ல."

கொஞ்சம் இறக்குவாள். "இப்ப?"

"இல்லடி."

உணர்ச்சியில்லாதவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சூடு காட்டும்போது ஒரு முறை உண்டு. காட்டுகிறவள் தன்னுடைய இரண்டு விரல்களை அந்த இடத்துக்குப் பக்கத்தில் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்குப் பதிலாக விரல் சொல்லும், போதும் என்று. ஃபெங்யிங் அதைத் தவறவிட்டதே இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவன் பாதத்தின் மேலேயே இருக்கும்.

ஆனால் அவை என்ன விரல்கள்? பட்டறைக்கு வியாபாரிகள் வரும்போதெல்லாம் தியன் அவளைத்தான் கூப்பிடுவான். "அண்ணி, நம்ம பஞ்சு எவ்வளவு மெதுவா எரியும்னு காட்டுங்க." அவள் அந்த இரண்டு விரல்நுனியிலும் ஒரு சிட்டிகை பஞ்சை வைத்துக் கொளுத்தி, சாம்பலாகும்வரை சிரித்த முகமாக நிற்பாள். நல்ல பஞ்சு சுடாது என்று வியாபாரிகள் தலையாட்டிக்கொண்டு போவார்கள். வருஷக்கணக்காக அது நடந்தது. விரல்நுனி இரண்டும் ஆமை ஓடு மாதிரி மஞ்சளாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தன. அது தொழிலின் அடையாளம் என்றுதான் அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது.

வசந்தம் முழுக்கச் சூடு காட்டினாள். தோல் சிவந்தது, உரிந்தது, கறுத்தது. அவன் சுடவில்லை என்றே சொன்னான். முன்னோர் கல்லறை துடைக்கும் திருநாளும் போனது. தெருவில் பேச்சு வந்துவிட்டது.

"ஊர்க் காலெல்லாம் சூடாச்சு, வீட்டுக் கால் சூடாகலியாமே அண்ணி," என்று கேட்டாள் சுஜென். அவளுக்கு வாய் அப்படி. மனசில் ஒன்றும் கிடையாது.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஃபெங்யிங் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மான்ஷெங் வாசல்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அழுது அவன் கேட்டது இரண்டாம் தடவை.

மறுநாள் அவள் குமிழ் உருட்டினாள். பேரீச்சங்கொட்டை அளவு. பூண்டுச் சாற்றைத் தடவி, பாதத்தின் மேல்புறம் ஒன்று, கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒன்று, சுண்டுவிரலுக்குப் பின்னால் ஒன்று. நல்ல காலில் அதை வைத்தால் பெரிய ஆண்பிள்ளைகளே வாயில் துணியைக் கடித்துக்கொள்வார்கள். மான்ஷெங் புகையிலைக் குழாயைத் துடைத்துக்கொண்டே, நெருப்பு தன் தோலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னமோ செய்யுது," என்றான் திடீரென்று.

அவள் நிமிர்ந்தாள். "என்ன செய்யுது?"

"சுருக்குன்னு. உள்ள எங்கயோ."

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை அவன் பார்த்தான். அதற்கப்புறம் அவன் அந்த வார்த்தையை விடவே இல்லை.

ஆறு நாளில் பூத்தது. அன்றைக்குத்தான் அவள் சேவலைத் துரத்தினாள்.

மற்ற ஊர்களில் புண் வந்தவனுக்குச் சேவல் கறி கொடுக்க மாட்டார்கள். கெண்டை மீன், மூங்கில் குருத்து, புளித்த சோயாக் கட்டி எதுவும் கண்ணில் காட்ட மாட்டார்கள், புண்ணைக் கிளறிவிடும் என்று. இங்கே பூத்த புண்ணை அப்படியே மலர்த்தி வைக்க அதையெல்லாம் தேடித் தேடிக் கொடுப்பார்கள். சுஜென் மூங்கில் குருத்து கொண்டுவந்தாள். குளத்துக் காவல்காரன் உயிர்க் கெண்டை ஒன்றை வாழைநாரில் கோத்துக் கொண்டுவந்தான். ஃபெங்யிங் சேவலை இஞ்சி போட்டு, அரிசி மது விட்டு, மண்சட்டியில் குழைய வைத்தாள். இனிப்பான மது. மான்ஷெங் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தான்.

தியன் முதலாளியும் வந்தான். நாற்பது வயசு, மடிப்புக் கலையாத சட்டை. படம் பிடிக்கக் கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி மான்ஷெங்குக்கு எதிரே வைத்தான். பட்டறைச் சரக்கை அவன் இப்போது கைபேசி வழியாகத்தான் நாடு முழுக்க விற்றான்.

"அண்ணே, இதப் பாத்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"எதப்பத்தி?"

"கால் மரத்துக் கெடந்துச்சு, அண்ணி நம்ம பஞ்ச வச்சு சூடு வச்சாங்க, இப்ப வலிக்குதுன்னு."

"வலிக்குதுதான்."

"அதையே கொஞ்சம் மொகத்தச் சுளிச்சு."

"கல்யாணத்தன்னிக்கே அப்படித்தான் சுளிச்சாரு. அவருக்குச் சொல்லித்தர வேண்டாம்," என்றாள் ஃபெங்யிங். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் பிளாஸ்திரியைப் பிரித்து, புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்தினாள். மான்ஷெங் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் பட்டதும், "ஸ்... மெதுவாடி," என்றான். கைதட்டினார்கள். குளத்துக் காவல்காரன், "கெண்டையோட மகிமை," என்றான். சுஜென், "எங்க குருத்து என்ன, வேடிக்கை பாக்கவா வந்துச்சு?" என்று சண்டைக்குப் போனாள். சட்டி காலியாகும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. அந்தப் பக்கத்து மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. ஈரத்துணியை முகத்தில் போட்டமாதிரி வாரக்கணக்கில் கிடக்கும். சுவரெல்லாம் வியர்க்கும். பூத்த புண் மூடவில்லை. மூன்றும் விரிந்து விரிந்து ஒன்றையொன்று தொட்டன. மஞ்சளாக இருந்தது சாம்பல் நிறமானது. சுண்டுவிரல் நீலம் பாரித்தது.

"குளிர் ரொம்ப வருஷத்துக் குளிர். வர்றதுக்கு நாள் ஆகத்தான் செய்யும்," என்றாள் ஃபெங்யிங். சொல்லிவிட்டுப் புண்ணை மறுபடியும் குனிந்து பார்த்தாள். "வலிக்குதா கெழவா?" என்று கேட்பாள். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே அளவுகோல். வலித்தால் உயிர் இருக்கிறது.

"வலிக்குது," என்பான் அவன்.

"நேத்தவிடவா?"

"கூடத்தான் இருக்கு."

அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

டிராகன் படகுத் திருநாளுக்கு மகள் ஷுவான் வந்தாள். தெற்கே செருப்புத் தொழிற்சாலையில் வேலை, வருஷத்தில் இரண்டு தடவைதான் வருவாள். திருநாளன்று உச்சிப்பொழுதில் அறுத்த பத்திரிக்குத்தான் வீரியம் என்பதால் ஊரே அரிவாளோடு வயலில் நின்றது. வாசல்தோறும் பச்சைப் பத்திரிக் கொத்து. அடுக்களைதோறும் பத்திரித் தண்ணீரில் வேகும் முட்டை. ஷுவான் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவள், நடுவாசலில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா நாத்தம்?"

"திருநாள் அன்னிக்கு வந்ததும் வராததுமா பேசுற பேச்சா? பத்திரி வாசன மறந்துபோச்சா ஒனக்கு?"

"பத்திரி இல்ல. எலி எதும் செத்துக் கெடக்கா?"

"செருப்புத் தோல மோந்து மோந்து ஒம் மூக்கு போச்சு."

ஷுவான் மூக்கைப் பின்தொடர்ந்து போகிறவள் மாதிரி உள்அறைக்குப் போனாள். மான்ஷெங் கட்டிலில் உட்கார்ந்து பச்சரிசிப் பொட்டலத்தின் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மகளைப் பார்த்ததும் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்தான்.

"அப்பா, காலக் காட்டு."

"மொதல்ல சாப்புடு. ஒங்கம்மா உப்புமுட்ட வச்சு மடிச்சிருக்கா."

அவள் போர்வையை விலக்கினாள். விலக்கியவள் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் குனிந்துகொண்டாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"அது பூத்திருக்கு," என்றாள் ஃபெங்யிங்.

"பூத்திருக்கா? அம்மா, அது அழுகியிருக்கு. வெரல் கருப்பா இருக்கு. இந்தத் தெருவுல யாருக்குமா மூக்கு இல்ல?"

"கத்தாத. வாசல்ல ஆளு போறாங்க."

"போகட்டும். எல்லாரும் பொகையில ஊறிப் போயிட்டீங்க. பொணம் கெடந்தாலும் ஒங்களுக்குத் தெரியாது."

"வலிக்குதுடி அவருக்கு," என்றாள் ஃபெங்யிங். "செத்த கால் வலிக்குமா? நீயே கேளு. மரமா கெடந்த கால் அது. இப்ப தொட்டா வலிக்குது."

ஷுவான் அப்பாவைப் பார்த்தாள். "வலிக்குதாப்பா?"

மான்ஷெங் ஃபெங்யிங்கைப் பார்த்தான். பொட்டலத்து இலையை நான்காக மடித்தான். "வலிக்குது," என்றான்.

அவன் நெற்றி காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் ஷுவான் ஜெயித்தாள். சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து, பத்திரிக் கட்டுகளுக்கு நடுவே அவனைக் கிடத்தி, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ஃபெங்யிங் அவன் பாதத்தை மழை படாமல் தன் மேல்சட்டையால் மூடிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஒரு பெண். சின்னவளும் இல்லை, பெரியவளும் இல்லை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் மான்ஷெங்கைப் பார்த்தாள்.

"நீங்க இதுக்கு முன்னால எங்கிட்ட வந்திருக்கீங்க. அரிவாள் குத்தி."

"வந்தேன்."

"சர்க்கரையில மரத்துப்போன கால், அதுல சூடே படக் கூடாதுன்னு சொன்னேனே. வெந்நி கூட வேண்டாம், பத்திரிச் சூடு வேண்டவே வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னேன். உங்க ஊர்க்காரங்களுக்கு எப்பவும் அழுத்திச் சொல்றதுதான்."

ஃபெங்யிங் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணும் சொல்லலன்னியே."

மான்ஷெங் கூரையைப் பார்த்தான். "ஊருக்கெல்லாம் சூடு குடுக்குற கை வீட்டுலயே இருக்கு. அதுகிட்டப் போயி எப்படிச் சொல்ல," என்றான்.

"அவருக்கு வலி இருக்கு டாக்டரம்மா," என்று ஃபெங்யிங் முந்திக்கொண்டாள். "உசுரு இருக்கு. சேவல் அடிச்ச அன்னிலேர்ந்து தெனம் வலிக்குது."

"சேவலா?" என்றாள் டாக்டர். ஷுவான் தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள். டாக்டர் கேட்டுக்கொண்டாள். பிறகு ஓர் ஊசியை எடுத்து, "அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. குத்தும்போது வலிச்சா சொல்லுங்க," என்றாள்.

மான்ஷெங் திரும்பினான். அந்தப் பக்கத்தில்தான் ஃபெங்யிங் நின்றிருந்தாள்.

டாக்டர் சும்மா இருந்தாள். "இப்ப?"

மான்ஷெங்கின் கண் ஃபெங்யிங்கின் முகத்தில் அலைந்தது. அவள் எதிர்பார்ப்போடு அவனையே பார்த்தாள். "வலிக்குது," என்றான்.

டாக்டரின் ஊசி காலைத் தொடவே இல்லை.

பிறகு ஊசி உள்ளங்காலில் இறங்கியது. ஃபெங்யிங் அதைப் பார்த்தாள். பாதி ஊசி உள்ளே போயிருந்தது. மான்ஷெங் இன்னும் அவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்தான், பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்க்கும் பிள்ளை மாதிரி.

"இப்ப?" என்றாள் டாக்டர்.

ஃபெங்யிங் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஏன் பொத்திக்கொண்டாள் என்று அவனுக்குப் புரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று, "இப்ப இல்ல," என்றான். உடனே, "இருக்கு, லேசா இருக்கு," என்றான்.

டாக்டர் ஊசியை எடுத்துத் தட்டில் போட்டாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாள் கடத்தியிருந்தால் முழங்காலும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும் என்று சொன்னார்கள். ஷுவான் கையெழுத்துப் போட்டாள். ஃபெங்யிங்குக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை.

அவன் மயக்கம் தெளிந்த பின் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு நாளாவது வலிச்சுதா?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "நீ தொட்டிக்கிட்ட நின்னு அழுத. எனக்கு வேற என்ன தெரியும்."

"நான் அழுதா ஒரு கெண்டி தண்ணி செலவு. அதுக்கு ஒரு காலா?"

அதற்கப்புறம் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியபோது தெரு நியாயம் பேசி முடித்திருந்தது. பத்திரியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அதைத்தானே சாப்பிடுகிறார்கள். குளத்துக் காவல்காரன், குமிழைக் கொஞ்சம் சின்னதாக உருட்டியிருக்க வேண்டும் என்றான். கெண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. சுஜென், "சேவல் கறி அவ்வளவு ஆகாதுன்னு நான் அன்னிக்கே நெனச்சேன் அண்ணி," என்றாள். மூங்கில் குருத்து யார் கொடுத்தது என்று ஃபெங்யிங் கேட்கவில்லை. எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். கை. கை சரியில்லை.

ஷுவான் லீவு முடிந்து புறப்பட்டாள். அப்பாவுக்கு ஒரு சோடி ஊன்றுகோல் வாங்கி வைத்திருந்தாள். பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "மாத்திரைய வேளைக்குக் குடு. இன்னொரு கால் இருக்கு," என்றாள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

தியன் முதலாளி ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பாதி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்தப் படம்..."

"அழிச்சுட்டீங்களா?"

"அழிச்சுடலாம். ஆனா வடக்கேருந்து ஆர்டர் பூரா அதப் பாத்துத்தான் வருது. காலு தெரியாம பண்ணிட்டேன். அண்ணன் மொகம் மட்டும்தான் இருக்கும். வலிக்குதுன்னு சொல்றாரு பாருங்க, அது மட்டும்."

"அது பொய்."

"பாக்குறவங்களுக்குத் தெரியாதே," என்றான் தியன், ஆறுதல் சொல்கிறவன் போல. எழுந்து போகும்போது, "விரல்ல பஞ்சு வச்சுக் காட்டுறதுக்கு இனிமே வேற ஆள வச்சுக்கறேன். நீங்க பின்கட்டுல பஞ்சுச் சுருட்டு உருட்டுங்க. வியாபாரிங்க உங்களப் பாத்தா ஏதாச்சும் கேப்பாங்க," என்றான்.

அவள் மறுநாளே போய்ப் பின்கட்டில் உட்கார்ந்தாள். வேறு எந்தப் பட்டறைக்குப் போக? அந்த ஊரில் வேறு என்ன பட்டறை இருக்கிறது? மூக்கிலும் இமையிலும் பச்சைத் தூசி படிய, காகிதத்தைப் பரத்தி, பஞ்சை அள்ளி, உருட்டி உருட்டி அடுக்கினாள். வீட்டில் மட்டும் பத்திரி கிடையாது. வாசல் கொத்தைப் பிடுங்கிப் போட்டாள். போர்வைகளைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். வாசனை போகவில்லை.

இலை உதிரத் தொடங்கிய ஒரு மத்தியானம், அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். தாமரைக்கிழங்குச் சாறும் சோறும். சர்க்கரை வாசனையே கிடையாது. மான்ஷெங் கட்டிலில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, இன்னொன்றின் மிச்சத்தைத் தலையணை மேல் வைத்திருந்தான். முகம் வியர்த்திருந்தது.

"ஃபெங்யிங்," என்றான். அவன் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

"என்ன, சாறு ஆறிப்போச்சா?"

"கொஞ்சம் தள்ளிப் பிடி."

"எத?"

"சுடுது."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எது சுடுது?"

"பாதம். சுண்டுவிரல் கிட்ட. நெருப்ப வச்ச மாதிரி சுடுதுடி. காலையிலேர்ந்து தாங்க முடியல."

"எந்தப் பாதம்?"

அவன் காட்டினான். தலையணை முடிந்து, வெறும் பாய் கிடந்த இடத்தை.

ஃபெங்யிங்குக்கு முதலில் கோபம்தான் வந்தது. "போதும் கெழவா. பொய் சொல்லிச் சொல்லி ஒரு கால முழுங்கிட்ட. இனிமே எதுக்கு இந்த வேஷம்? என்னச் சிரிக்க வைக்கவா?"

"வேஷம் இல்ல."

"அன்னிக்கும் இதான சொன்ன."

"அன்னிக்கு நீ மடியில வச்சு காட்டும்போது சுடல. குமிழு வச்சப்ப சுடல. இப்ப சுடுது." அவன் குரல் உடைந்தது. "எல்லாம் சேத்து இப்ப சுடுது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தான். தாடை எலும்பு புடைத்து நின்றது. தலையணையைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. நல்ல காலில் குமிழ் வைத்தால் ஆண்பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள். இவனை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள்.

கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க, இங்கயா?"

"இன்னும் கீழ."

"இங்க?"

"அங்கதான். அங்கதான் சுடுது. எடுத்துடு."

எதை எடுப்பது? அவள் கை பழக்கத்தில் தானாக நீண்டது. இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, சுண்டுவிரல் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், பாய்மேல் ஒட்டி வைத்தாள். நோயாளிக்குப் பதிலாக விரல் சொல்ல வேண்டும். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே காத்திருந்தாள்.

"இன்னும் சுடுதா?"

"சுடுது."

விரல் இரண்டுக்கும் ஒன்றும் தெரியவில்லை.